55 புள்ளியில் மூன்றாம் இடம், 56 புள்ளியில் சாம்பியன்: பெல்ஜியக் கணக்கைப் படிப்பது எப்படி?

கேள்வி: சார், வேலை விஷயமாக ஆறு மாதம் பிரஸ்ஸல்ஸில் இருக்கப் போகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தவிர வேறு லீக் பார்த்துப் பழக்கமில்லை. அங்கே இருக்கும்வரை ஓர் உள்ளூர் கிளப்பைத் தொடரலாம் என்று யூனியன் சான்-ஜில்வாஸ் அணியின் 2024-25 சீசனை எடுத்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது. 30 ஆட்டம் முடிந்தபோது 55 புள்ளி, மூன்றாம் இடம் என்கிறது ஒரு பட்டியல். 40 ஆட்டம் முடிந்தபோது 56 புள்ளி, சாம்பியன் என்கிறது இன்னொன்று. அந்தக் கடைசிப் பத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லையாம். பிறகு எப்படி ஒரே ஒரு புள்ளி கூடியது? ஐரோப்பியப் போட்டிகளை வேறு மைதானத்தில் ஆடுகிறார்கள் என்றும் படித்தேன். இந்த கிளப்பின் சீசனை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது? நேரில் பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: இரண்டு பட்டியலும் சரிதான். நடுவில் புள்ளிகளை இரண்டால் வகுத்திருக்கிறார்கள். அதை நீங்கள் பார்த்த பட்டியல் சொல்லாமல் விட்டிருக்கும்.

பெல்ஜியத்தின் முதல் டிவிஷனில் அந்த சீசனில் 16 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 30 ஆட்டம் ஆடியது. மார்ச் நடுவில் இது முடிந்தது. மற்ற நாடுகளில் இவ்வளவு ஆடிவிட்டால் சீசனே முடியப் போகிறது என்று அர்த்தம். இங்கே அப்போதுதான் பிளே-ஆஃப் ஆரம்பம். முதல் ஆறு அணிகள் சாம்பியன் பட்டத்துக்காகத் தங்களுக்குள் மறுபடி பத்து ஆட்டம் ஆடின. ஏழாம் இடம் முதல் பன்னிரண்டு வரை உள்ளவை ஐரோப்பிய வாய்ப்புக்காக ஒரு தனிக் குழு. கடைசி நான்கு, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிப்பதற்காக இன்னொரு குழு. பட்டத்துக்கான குழுவுக்குள் நுழையும்போது எல்லோருடைய புள்ளியும் பாதியாகிவிட்டது. அரைப் புள்ளி வந்தால் மேலே ஏற்றி முழுதாக்கினார்கள்.

இப்போது யூனியனின் கணக்கைப் போடுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. 30 ஆட்டத்தில் 15 வெற்றி, 10 டிரா, 5 தோல்வி, ஆக 55. பாதி 27.5, ஏற்றினால் 28. பிளே-ஆஃபில் 9 வெற்றி, 1 டிரா, அதாவது 28 புள்ளி. 28-உம் 28-உம் 56. நீங்கள் நினைத்ததுபோல் பத்து ஆட்டத்தில் ஒரு புள்ளி இல்லை. கிடைக்கக்கூடிய 30-இல் 28-ஐ வாங்கியிருக்கிறார்கள். முதலிடத்தில் 68 புள்ளியோடு இருந்த கெங்க் 34-க்கு இறங்கியது, 59 வைத்திருந்த கிளப் ப்ரூஹ 30-க்கு இறங்கியது. கெங்க்கோடு இருந்த 13 புள்ளி இடைவெளி ஒரே நாளில் 6 ஆனது.

அந்த அரைப் புள்ளியை மறந்துவிடாதீர்கள். சீசன் முடிவில் இரு அணிகள் சமப் புள்ளியில் நின்றால், ஏற்றிக் கொடுத்த அரைப் புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மார்ச்சில் ஒற்றைப்படை எண்ணில் முடித்த அணிக்கு இது மே மாதத்தில் வந்து வலிக்கும்.

இந்த முறை நியாயமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: எட்டு மாத உழைப்பில் பாதியைத் தூக்கிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கடைசி வாரம்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்க வைக்கும் முறை இதைவிட வேறு இல்லை என்பதையும் மறுக்க மாட்டேன். இதில் யூனியனைப்போல் அடி வாங்கிய கிளப் கிடையாது. அதனால்தான் நீங்கள் இந்த கிளப்பைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குச் சந்தோஷம்.

1897-இல் தொடங்கிய கிளப் இது. 1935-க்குள் 11 முறை சாம்பியன். 1933 முதல் 1935 வரை தொடர்ந்து 60 லீக் ஆட்டங்களில் தோற்காமல் இருந்தார்கள். அப்புறம் மெல்லச் சரிந்து 1973-இல் முதல் டிவிஷனை விட்டே இறங்கினார்கள். திரும்பி வர 48 வருடம் ஆனது. வந்த முதல் சீசனிலேயே, 2021-22-இல், 34 ஆட்டத்தில் (அப்போது 18 அணிகள்) 77 புள்ளி எடுத்து முதலிடம். கிளப் ப்ரூஹவுக்கு 72. பாதியாக்கியதும் 39-க்கு 36 ஆனது. பிளே-ஆஃபில் ப்ரூஹ முந்திக்கொண்டது.

அடுத்த வருடம் நடந்தது இதைவிடக் கொடுமை. 2023 ஜூன் 4, கடைசி நாள். ஆண்ட்வெர்ப்பும் யூனியனும் தலா 46, கெங்க் 45. யூனியன் சொந்த மண்ணில் கிளப் ப்ரூஹவோடு ஆடுகிறது. ஆண்ட்வெர்ப் கெங்க்கில் ஆடுகிறது. 88 நிமிடம் ஆகிவிட்டது. யூனியன் 1-0 முன்னிலை, கெங்க் 2-1 முன்னிலை. அப்படியே முடிந்தால் யூனியன் 49 புள்ளியோடு சாம்பியன். 89-ஆவது நிமிடத்தில் ப்ரூஹ சமன் செய்தது. அந்தக் கணத்தில் பட்டம் 48 புள்ளியோடு கெங்க்குக்குப் போனது. ப்ரூஹ மேலும் இரண்டு கோல் போட்டு யூனியனை 3-1 என்று தோற்கடித்தது. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்துக் கொடுத்த நான்காவது நிமிடத்தில், ஆண்ட்வெர்ப் நகரிலேயே பிறந்த டோபி ஆல்டர்வெய்ரெல்ட் பெனால்டிப் பகுதிக்கு வெளியிலிருந்து அடித்த அடி கெங்க் வலையின் மூலைக்குள் போய் விழுந்தது. 2-2. ஆண்ட்வெர்ப் 47, கெங்க் 46, யூனியன் 46. பத்து நிமிடத்துக்குள் பட்டம் மூன்று கைகளைப் பார்த்துவிட்டது. 1957-க்குப் பிறகு ஆண்ட்வெர்ப்புக்கு அதுதான் முதல் பட்டம். யூனியன் அன்று டிரா செய்து 47-ஐத் தொட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஆண்ட்வெர்ப் 72-இலிருந்து சரியாக 36-ஆக இறங்கிய அணி. யூனியன் 75-இலிருந்து 37.5-ஆகி 38-ஆக ஏற்றப்பட்ட அணி. நான் சொன்ன அந்த அரைப் புள்ளி அங்கே குறுக்கே வந்திருக்கும்.

2023-24-இல் இன்னும் மோசம். மார்ச்சில் யூனியன் 70, நான்காம் இடத்தில் இருந்த கிளப் ப்ரூஹ 51. இடைவெளி 19. பாதியாக்கியதும் 35-க்கு 26. ப்ரூஹ பிளே-ஆஃபில் ஒன்றில்கூடத் தோற்காமல் 24 புள்ளி எடுத்து 50-இல் நின்றது. யூனியன் 14 மட்டுமே எடுத்து 49. வகுக்காமல் கூட்டிப் பாருங்கள்: யூனியன் 84, ப்ரூஹ 75.

இந்த ஒரு புள்ளி அடுத்த சீசனின் ஐரோப்பியப் பயணத்தையே மாற்றியது. உள்ளூர் லீக்கும் ஐரோப்பியப் போட்டிகளும் சேரும் இடம் இதுதான். சாம்பியனான ப்ரூஹ, ஐரோப்பிய கிளப் போட்டிகளில் முதல் நிலையான சாம்பியன்ஸ் லீக்கின் லீக் சுற்றுக்கு நேராகப் போனது. இரண்டாமிடத்து யூனியன் ஆகஸ்டிலேயே மூன்றாம் தகுதிச் சுற்றில் ஸ்லாவியா ப்ராக் அணியோடு ஆட வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-1 என்று தோற்று, இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்குக்கு இறங்கியது.

யூரோப்பா லீக்கில் அந்த ஆண்டிலிருந்துதான் புது முறை: 36 அணிகளுக்கும் ஒரே பட்டியல், ஆளுக்கு எட்டு ஆட்டம். முதல் எட்டு அணி நேராக அடுத்த சுற்று, 9 முதல் 24 வரை இடைச்சுற்று, மற்றவை வெளியே. யூனியன் 3 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி என 11 புள்ளியோடு 21-ஆம் இடம் பிடித்தது. ரோமாவோடு 1-1 டிரா செய்தது நல்ல ஆட்டம். இடைச்சுற்றில் அயாக்ஸ் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து 2-0 என்று ஜெயித்தது. ஆம்ஸ்டர்டாமில் யூனியன் அதே 2-0-ஐத் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. அங்கே அயாக்ஸ் ஒரு கோல் போட்டுத் தப்பியது.

அந்தத் தோல்விதான் பட்டத்துக்கு வழி விட்டது என்பது என் எண்ணம். எண்ணிப் பாருங்கள்: லீக் 40, சூப்பர் கப் 1, தகுதிச் சுற்று 2, யூரோப்பா லீக் 8, அயாக்ஸோடு 2. பெல்ஜியக் கோப்பை ஆட்டங்களைச் சேர்க்காமலே 53. சிறிய கிளப்புக்கு இது பெரிய சுமை. பிப்ரவரியில் ஐரோப்பா முடிந்ததும் அப்போதைய பயிற்சியாளர் செபாஸ்தியன் பொகொன்யோலியின் அணிக்கு வார நடுவில் ஓய்வும் பயிற்சியும் கிடைத்தன. கிளப் ப்ரூஹவோ மார்ச் 12 வரை ஆஸ்டன் வில்லாவோடு சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட்டில் இருந்தது. மே 4-இல் ஆண்டர்லெக்ட்டை வீழ்த்திக் கோப்பையும் வென்றது. மே 25-இல் யூனியன் சொந்த மைதானத்தில் கென்ட் அணியை 3-1 என்று வென்று, 90 வருடத்துக்குப் பிறகு 12-ஆவது பட்டத்தை எடுத்தது. ப்ரூஹ மூன்று புள்ளி பின்னால். இந்த முறை தகுதிச் சுற்று எதுவும் இல்லாமல் நேராக சாம்பியன்ஸ் லீக். செப்டம்பரில் அய்ந்தோவன் போய் பிஎஸ்வி அணியை அதன் மண்ணிலேயே 3-1 என்று தோற்கடித்துத் தொடங்கினார்கள்.

சரி, மைதானம். யூனியனின் வீடு ஸ்டாத் ஜோசஃப் மரியன். பெயரில் சான்-ஜில் இருந்தாலும் மைதானம் பக்கத்து வட்டாரமான ஃபோரேவில், டுடென் பூங்காவை ஒட்டி இருக்கிறது. சுமார் 9,400 பேர்தான் கொள்ளும். தெருவைப் பார்த்த முகப்பு முழுக்க விளையாட்டு வீரர்களைச் செதுக்கிய சிற்பப் பலகைகள். எதிர்ப் பக்கம் நின்று பார்க்கும் படிக்கட்டு, அதற்குப் பின்னால் பூங்காவின் மரங்கள். 1920 ஒலிம்பிக் கால்பந்து ஆட்டங்கள்கூட இங்கே நடந்தன. ஆனால் ஐரோப்பியப் போட்டிகளுக்கு அவற்றை நடத்தும் யுஇஎஃப்ஏ அமைப்பு கேட்கும் வசதிகள் இங்கே இல்லை. அதனால் 2022-23-இல் முதலில் லூவன் நகரிலும் பிறகு ஆண்டர்லெக்ட்டின் லோட்டோ பார்க்கிலும் ஆடினார்கள். 2024-25-இல் பிரஸ்ஸல்ஸின் கிங் போதுவான் ஸ்டேடியம். 2025-26 சாம்பியன்ஸ் லீக்குக்கு மறுபடி லோட்டோ பார்க். டிக்கெட் எடுக்கும்போது போட்டியின் பெயரோடு மைதானத்தின் பெயரையும் பாருங்கள், இல்லாவிட்டால் நகரத்தின் வேறு மூலையில் போய் நிற்பீர்கள்.

என்னைக் கேட்டால், ஐரோப்பிய ஆட்டத்தைவிட மரியனில் ஒரு லீக் ஆட்டம்தான் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. இடம் குறைவு என்பதால் சீசன் கடைசி ஆட்டங்களின் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அட்டவணை வந்த அன்றே கிளப்பின் தளத்தில் முயலுங்கள். ஐரோப்பியப் போட்டி உள்ள வாரங்களில் சாம்பியன்ஸ் லீக் செவ்வாய் அல்லது புதன், யூரோப்பா லீக் வியாழன். அதற்கேற்ப உள்ளூர் ஆட்டம் வார இறுதியில் தள்ளிப்போகும்.

பெல்ஜியக் கோப்பையையும் விட்டுவிடாதீர்கள். கோப்பையை வென்றால் யூரோப்பா லீக் வாய்ப்பு கிடைக்கும். 2024 மே 9-இல் யூனியன் ஆண்ட்வெர்ப்பை 1-0 என்று வென்று, 1914-க்குப் பிறகு முதல்முறையாக அதை எடுத்தது. பட்டம் கைநழுவிய அதே சீசனில்.

ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் ஜனவரி முதல் ஜூன் வரை கேளுங்கள். ஐரோப்பிய லீக் சுற்றின் முடிவு, கோப்பையின் கடைசிக் கட்டம், லீக் பட்டம் முடிவாகும் வாரங்கள் மூன்றும் அதற்குள் வந்துவிடும். ஆகஸ்டில் போனால் ஐரோப்பியச் சுற்றின் பெரும்பகுதியைப் பார்க்கலாம், ஆனால் பட்டம் யாருக்கு என்று தெரியும் முன்பே ஊர் திரும்பிவிடுவீர்கள்.

கிளம்பும் முன் ஒன்று. 2009-10-இல் வந்த இந்த பிளே-ஆஃப் முறையை பெல்ஜியத்தில் அடிக்கடி மாற்றுவார்கள். 2022-23-இல் 18 அணிகள் 34 ஆட்டம் ஆடின, பட்டத்துக்கு நான்கு அணிகள்தான், ஆறு ஆட்டம்தான். அடுத்த சீசனிலேயே 16 அணி, ஆறு அணி பிளே-ஆஃப் என்று மாறியது. ஆகவே நீங்கள் போகும் சீசனில் எத்தனை அணிகள், பிளே-ஆஃப் உண்டா, புள்ளி பாதியாகிறதா என்ற மூன்றையும் லீக் நடத்தும் ப்ரோ லீக் அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொண்டு, பிறகு பட்டியலைத் திறங்கள்.