சாரைப்பாம்பு மாட்டின் மடியில் பால் குடிக்குமா?

கேள்வி: வடபெரும்பாக்கத்தில், புழல் ஏரி உபரிநீர்க் கால்வாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள், ஒரு கன்று, கொஞ்சம் நாட்டுக்கோழிகள். கொட்டகையில் ஒரு பெரிய சாரைப்பாம்பை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு மாட்டுக்குப் பால் பாதியாகக் குறைந்துவிட்டது. பின்காம்பு ஒன்றில் கீறலும் இருக்கிறது. சாரை மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கிறது, அதை அடித்துப் போட்டால்தான் சரியாகும் என்கிறார் மாமியார். முட்டைகளும் உடைந்து கிடக்கின்றன. போன வாரம் இரவில் வெள்ளை வரி போட்ட கறுப்புப் பாம்பு ஒன்று தரையில் ஓடியது. சின்னக் குட்டிதானே என்று விட்டுவிட்டோம். மாட்டுக்குக் காவலாக என் கணவர் கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுக்கிறார். சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது என்கிறார்கள், நடலாமா? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புற்றை இடித்துவிடலாமா?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவரை இன்றிரவு முதல் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். கொசுவலை கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளட்டும். மாட்டையும் பாலையும் பிறகு பார்ப்போம்.

நீங்கள் பயப்படுவது சாரைக்கு. அதனால் உங்கள் வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. 'குட்டிதானே' என்று விட்டீர்களே, அந்த வரிப்பாம்புதான் எனக்குக் கவலை. அது கட்டுவிரியனாக இருக்கலாம். கட்டுவிரியன் பளபளப்பான கறுப்பு நிறம். மெல்லிய வெள்ளை வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் பக்கம் பளிச்சென்றும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். இதைப் போலவே இன்னொன்று உண்டு. வெள்ளிக்கோல் வரையன் என்றும் ஓநாய்ப்பாம்பு என்றும் சொல்வார்கள். அது பழுப்பு நிறம். வரிகள் கழுத்துப் பக்கம் பட்டையாகத் தொடங்கி வாலுக்குப் போகப்போக மறைந்துவிடும். பல்லி பிடிக்கச் சுவரில் ஏறும், விஷமில்லாதது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஓடிய பாம்பை இப்படி வரி எண்ணிப் பிரித்தறிய யாராலும் முடியாது. ஆகவே கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். குட்டிக்கு விஷம் இருக்காது என்பதும் தவறு. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே அதற்கு விஷம் உண்டு.

கட்டுவிரியன் பகலில் சுருண்டு கிடக்கும், ராத்திரியில் இரை தேடும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் கையைக் காலைப் போட, அது அழுத்தப்பட்டுக் கடித்துவிடும். பல் மிகச் சின்னது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல தடவை கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கும். பிறகு கண் இமை கனத்து இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. காற்று கருப்பு பட்டுவிட்டது என்றோ இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்தவர் எழுந்ததும் வயிற்றுவலி, இமை இறக்கம் என்றால் பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது. கட்டுவிரியன் கடிக்கு மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படலாம்.

கடிபட்ட இடத்தைக் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். விஷக்கல் ஒட்டவைப்பது, கோழிக்குஞ்சின் பின்புறத்தைக் கடிவாயில் வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய 4 பாம்புகளுக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. அதற்கான விஷத்தை 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலியில் எடுத்துக் கொடுக்கிறார்கள். காலங்காலமாகப் பாம்போடு வாழ்ந்த அந்த மக்களின் கைத்திறனால் நாடு முழுக்க உயிர்கள் பிழைக்கின்றன. அவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இனி சாரைக்கு வருவோம். பாம்புக்கு உதடு கிடையாது, உறிஞ்சிக் குடிக்கும் வாயமைப்பும் இல்லை. பற்கள் உள்பக்கமாக வளைந்தவை. மடிக்காம்பை ஒரு தடவை கவ்வினாலே மாடு உதைத்துக் கொட்டகையை இரண்டாக்கிவிடும். பாலைச் செரிக்கும் சக்தியும் பாம்புக்கு இல்லை. பிடாரன் கூடையிலிருக்கும் பாம்பு பாலில் வாய் வைப்பது, பல நாள் தண்ணீர் காட்டாமல் போட்டு வைத்த தாகத்தினால்தான். தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் எலி வருகிறது, எலிக்குச் சாரை வருகிறது. மாட்டின் காலடியில் அதைப் பார்த்தவர்கள் பால் குறைந்ததற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்பதும் இப்படித்தான், சாரையின் வாலிலும் விஷமில்லை, வாயிலும் விஷமில்லை. நல்ல பாம்புக்கு ஆண் சாரை என்பார்கள். இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று சேராது. பின்னிக்கொண்டு எழும்பி நிற்கும் இரண்டு சாரைகளைப் பார்த்து இணை சேருகிறது என்று கும்பிடுகிறோமே, அவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண்கள். ஒன்றை அடித்தால் அதன் துணை பழிவாங்க வரும் என்ற பயமும் வேண்டாம், ஆளை நினைவு வைத்துத் தேடி வரும் மூளை பாம்புக்கு இல்லை. ஆனாலும் சாரையை அடிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உங்கள் கொட்டகைக்குச் சம்பளமில்லாத எலிபிடிப்பாளும் அதுதான்.

அப்படியானால் பால் எங்கே போனது? நாளைக் காலை கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ ரத்தச் சாயலோடோ வந்தால் மடிநோய். கீறல் பட்ட காம்பில் அது வர வாய்ப்பு அதிகம். கீறல் பெரும்பாலும் கன்றின் பல்லாலோ, வேலிக்கம்பியாலோ, தரையின் சொரசொரப்பாலோ வந்திருக்கும். கன்று இரவில் அவிழ்ந்து போய்க் குடிக்கிறதா என்றும் பாருங்கள், பால் குறைவதற்கு அது மிகச் சாதாரணமான காரணம்.

மடிநோயின் தொடக்கம் என்றால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கைப்பிடி எடுத்து நீர் விட்டுக் கரைத்து, கழுவிய மடி முழுவதும் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 5 நாட்கள். மடி சுட்டு, கல்லாகி, மாடு தீனி எடுக்காமல் இருந்தால் இதை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். நோய்ப்பட்ட காம்பைக் கடைசியில் கறந்து அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். கறந்து முடித்ததும் மாடு உடனே படுக்காமல் இருக்கத் தீவனம் வையுங்கள், காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் மாட்டுக்கு வந்தாலும் பால் சட்டென்று குறையும், சினைமாடு கன்று வீசும், அதாவது கரு கலைந்துவிடும். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

முட்டை விஷயம் எளிது. முட்டை தின்னும் பாம்பு முழுசாகத்தான் விழுங்கும். ஓடு உடைந்து கிடக்கிறதென்றால் பெருச்சாளி, கீரி, காகம், இல்லையென்றால் முட்டை கொத்திப் பழகிய உங்கள் கோழியே. கோழிக்கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். நைலான் வலை வேண்டாம், சாரை சிக்கிச் செத்துவிடும்.

சிறியாநங்கை நல்ல மூலிகை, தாராளமாக நடுங்கள். ஆனால் அதைப் பார்த்துப் பாம்பு திரும்பிப் போகாது. பூண்டு, கந்தகம், பினாயில் எதற்கும் அந்தச் சக்தி இல்லை. பினாயில் நெடி பாலிலும் ஏறிவிடும். பாம்பைத் தடுக்க எலியைத் தடுக்க வேண்டும். தவிடு, புண்ணாக்கை மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். வைக்கோல், விறகு, வறட்டி அடுக்கைச் சுவரை விட்டுத் தள்ளி, கல் வைத்து உயர்த்துங்கள். எலிவளையைக் கண்ணாடித்தூள் கலந்த சிமெண்டால் அடையுங்கள். கழிவுநீர்க் குழாய் வாயில் கம்பிவலை, கதவின் அடியில் ரப்பர் பட்டை போடுங்கள். விடியற்காலையில் கறக்கப் போகும்போது டார்ச்சும் மூடிய செருப்பும் இல்லாமல் காலை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பினால் வளைக்குள் இருப்பதெல்லாம் மேட்டுக்கு வரும், உங்கள் கொட்டகைதான் மேடு. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மாட்டைக் கண்ணாடிவிரியன் கடித்தால் மூக்கோ தாடையோ காலோ மளமளவென்று வீங்கும், கடிவாயில் ரத்தம் உறையாமல் கசியும். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தை மாட்டுக்கும் போடலாம், ஆனால் நரம்பில் ஏற்ற வேண்டியது மருத்துவர்தான். 1962-ஐ அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

புற்றைப் பற்றிக் கேட்டீர்கள். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரரே புற்று வடிவம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாட்கள் மட்டுமே கவசம் நீக்கித் தரிசனம் தருகிறார். படம்பக்கநாதர் என்றே அவருக்கு இன்னொரு பெயர். அந்தச் சீமையில் புற்றை இடியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. புற்றைக் கட்டியது கறையான். எப்போதாவது பாம்பு அதில் தங்கும், எப்போதும் தங்காது. கடப்பாரை போட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும், மண்ணெண்ணெய் ஊற்றினாலும் அப்படியே. கொட்டகையிலிருந்து தள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் குச்சியை விட்டு நோண்டாதபடி சுற்றிலும் நாலு வரிசை செங்கல் வையுங்கள். மாமியார் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடட்டும். பாலும் முட்டையும் வைத்தால் மட்டும் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள், ராத்திரி அதைத் தேடி வருவது எலியும் பெருச்சாளியும்தான்.