ஆயில் ஃபில்டர் வாங்கும்போது எதை ஒப்பிட வேண்டும்? கேள்வி பதில்

ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன் அண்ணே. கம்பெனி ஃபில்டர், பாஷ், பியூரோலேட்டர், எலோஃபிக் எல்லாமே கடையில் கிடைக்கிறது. எது நல்லது?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. ஒரே கம்பெனி வண்டிக்கு வண்டி வேறு காகிதம், வேறு வால்வு போட்டுத் தயாரிக்கும். உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பரில் வரும் ஃபில்டரை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடையிலேயே மரைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய துளை, சுற்றிலும் சின்னத் துளைகள். அழுக்கு ஆயில் சின்னத் துளைகள் வழியே உள்ளே போய், காகிதத்தைக் கடந்து, நடுத்துளை வழியே இன்ஜினுக்குத் திரும்பும். சின்னத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் தட்டு தெரியும். அதுதான் ஆன்டி டிரெயின்பேக் வால்வு. மழுங்கிய குச்சியால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் பழையபடி துளைகளை மூடிக்கொள்ள வேண்டும். விறைத்துப்போயிருந்தாலோ ஓரம் தூக்கியிருந்தாலோ அந்த ஃபில்டர் வேண்டாம்.

அடுத்து மரையை விரலால் தடவுங்கள். உலோகத் துகள் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுத்துளை வடிகட்டிய ஆயில் வரும் பக்கம். அங்கே இருக்கும் துகளைத் தடுக்க அதற்கு மேல் எதுவும் இல்லை, நேராக பேரிங்குக்குத்தான் போகும். கடைசியாக டார்ச் அடித்து நடுக்குழாயைப் பாருங்கள். சிலவற்றில் வட்டத் துளைக்குப் பதில் ஜன்னல் கிராதி போல வெட்டு இருக்கும். அந்த வெட்டுகள் சரியாகத் திறக்காமல் வந்திருந்தால் ஆயில் ஓட்டம் குறையும். இத்தனையிலும் தேறும் ஃபில்டர் எந்தப் பெயரில் வந்தாலும் போடலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. சர்வீஸில் ஃபில்டர் மாற்றிய பிறகுதான் இப்படி.

ஃபில்டர் படுக்கை வாட்டத்திலோ, மரைப்பக்கம் கீழே இருக்கும்படியோ மாட்டிய இன்ஜினா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் சந்தேகம் அந்த ரப்பர் வால்வின் மேல்தான். அது சரியாக மூடாவிட்டால் இரவில் ஃபில்டரில் உள்ள ஆயில், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்பிய பிறகுதான் மேலே ஆயில் ஏற்றும். அதுவரை டைமிங் செயின் டென்ஷனர், டாப்பெட் எல்லாம் ஆயில் இல்லாமல் ஓடும்.

சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளாக நாளாக இறுகும். சிலிக்கான் ரப்பர் சூடு தாங்கும், குளிரிலும் மென்மையாகவே இருக்கும். பெரும்பாலும் சிலிக்கான் ஆரஞ்சிலும் நைட்ரைல் கறுப்பிலும் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, அழுத்திப் பார்ப்பதே சரி. வேறு ஃபில்டர் போட்டும் சத்தம் தொடர்ந்தால் ஆயில் அளவையும் டென்ஷனரையும் பாருங்கள்.

ஃபில்டர் மரைப்பக்கம் மேலே இருக்கும்படி நேராகத் தொங்கும் இன்ஜினில் இந்த வால்வுக்கு அவ்வளவு வேலை இல்லை. அங்கே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரு பெட்டியில் 10 மைக்ரான் என்றும் இன்னொன்றில் 20 மைக்ரான் என்றும் போட்டிருக்கிறது. 10தானே சிறந்தது சார்?

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எத்தனை சதவீதத் துகளைப் பிடிக்கும் என்று சொல்லாமல் மைக்ரான் மட்டும் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சர்வதேசத் தரச் சோதனையில், குறிப்பிட்ட அளவுத் துகள்கள் ஃபில்டருக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணுவார்கள். அந்த விகிதத்துக்கு பீட்டா என்று பெயர். பீட்டா 2 என்றால் பாதி நிற்கும், பாதி கடந்துவிடும். பீட்டா 20 என்றால் 95 சதவீதம் நிற்கும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம்.

10 மைக்ரானில் 50 சதவீதமும் 20 மைக்ரானில் 95 சதவீதமும் பிடிக்கிற ஒரே ஃபில்டரை ஒருவர் "10 மைக்ரான்" என்றும் இன்னொருவர் "20 மைக்ரான்" என்றும் விற்கலாம், இருவர் சொல்வதும் பொய் இல்லை. அதனால் மைக்ரானும் சதவீதமும் சேர்த்துக் கொடுத்திருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

காகிதமா சிந்தெடிக்கா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிந்தெடிக் இழை மெல்லியது, சீரானது. அதே நுண்மைக்கு ஓட்டத்தடை குறைவு, அழுக்கும் அதிகம் தாங்கும். ஆனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ ஆயிலோடு ஃபில்டரும் மாற்றுகிறவருக்கு நல்ல காகித ஃபில்டரே போதும்.

பைபாஸ் வால்வு என்றால் வடிகட்டாத ஆயிலை விடுகிற வழிதானே? அது எதற்கு?

ஃபில்டர் அடைத்துவிட்டாலோ, ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ காகிதம் வழியே போதுமான ஆயில் போகாது. ஆயிலே இல்லாமல் ஓடும் பேரிங் சீக்கிரம் போய்விடும். அழுக்கு ஆயிலில் ஓடினால் கொஞ்ச காலமாவது தாங்கும். அதற்காக வைத்த வழி இது. காகிதத்தின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் குறித்த அளவைத் தாண்டினால் திறக்கும். பல கார்களில் அது 1 பார் அருகில், அதாவது 14, 15 பிஎஸ்ஐ.

ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் சும்மா ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலே திறந்து அழுக்கை விடும். அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தால் காகித மடிப்பு நசுங்கிக் கிழியும். சில இன்ஜின்களில் இந்த வால்வு இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்காது. "சைஸ் ஒன்றுதான்" என்று வேறு வண்டி ஃபில்டரைப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

அண்ணா, கடைக்காரர் கொடுத்த ஃபில்டர் மரையில் ஏறுகிறது, ஆனால் கொஞ்சம் ஆடுகிறது. கேஸ்கெட் (ஃபில்டர் வாயில் உள்ள ரப்பர் வளையம்) உட்கார்ந்ததும் இறுகிவிட்டது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். உடனே கழற்றுங்கள். எம்20×1.5 மரையும் (20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி) முக்கால் அங்குல 16 மரையும் (அங்குலத்துக்கு 16 சுற்று) பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், அதனால் எம்20 ஃபில்டர் இன்ஜினில் உள்ள அந்த அளவு ஸ்டட்டில் (மரைக் குழாயில்) தளர்வாக ஏறிவிடும். மரை பிடிப்பது நுனி அளவுதான். அழுத்தம் ஏறும்போது ஃபில்டர் பிடுங்கிக்கொண்டு வந்தால் சம்ப் ஆயில் முழுவதும் ரோட்டில்தான்.

2015 டிசையர் டீசல். டப்பா ஃபில்டர் இல்லை, மூடிக்குள் காகிதம் மட்டும். இதில் எதைப் பார்க்க வேண்டும்?

1.3 டிடிஐஎஸ் இன்ஜினில் அப்படித்தான். ஃபில்டரோடு மூடிக்கான புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத பெட்டியை வாங்காதீர்கள், பழைய ஓ-ரிங் தட்டையாகி இறுகியிருக்கும். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி, பழையது இருந்த அதே பள்ளத்தில் முறுக்கு விழாமல் போடுங்கள். ஒரு பள்ளம் மாறினாலும் ஒழுகும்.

காகிதத்தில் மடிப்புகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் பிரிந்திருக்கக் கூடாது. நடுவில் பிடித்து மெல்ல முறுக்கினால் வளையக் கூடாது. மூடியை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். அளவு பெரும்பாலும் மூடியிலேயே இருக்கும், பல கார்களில் 25 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் மூடி வெடிப்பது பெரும்பாலும் கை பலம் காட்டுவதால்தான்.

இன்னொன்று: டீசலில் மாற்றிய அன்றே ஆயில் கறுத்தால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். புகைக்கரித் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, இந்த ஃபில்டர் எதிலும் நிற்காது. அதைக் கட்டியாகாமல் மிதக்க வைப்பது ஆயிலில் உள்ள மருந்தின் வேலை.

வீட்டிலேயே மாற்றப் போகிறேன். எவ்வளவு இறுக்க வேண்டும்?

முதலில் பழைய கேஸ்கெட் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். பிளாக்கில் ஒட்டியிருக்கும்போது அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பிளாக்கில் கேஸ்கெட் உட்காரும் பரப்பைத் துணியால் துடைத்து, புது கேஸ்கெட்டில் ஆயில் தடவி, கையால் சுற்றுங்கள். கேஸ்கெட் தொட்ட பிறகு முக்கால் சுற்று. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ரெஞ்ச் கழற்ற மட்டும்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடி எரிந்து அணையும், அதுவரை ரேஸ் கொடுக்காதீர்கள். பத்து நொடியில் அணையாவிட்டால் ஆஃப் செய்யுங்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஒழுகலைப் பாருங்கள், நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். புது ஃபில்டர் கால் லிட்டர் வரை ஆயில் குடிக்கும்.

பைக் ஃபில்டரில் முன்பக்கம் பின்பக்கம் உண்டா?

பல மாடல்களில் உண்டு. ஒரு பக்கம் துளை, மறு பக்கம் அடைப்பு, அதன் மேல் ஸ்பிரிங். திருப்பிப் போட்டால் ஆயில் வழி அடைபட்டு இன்ஜின் ஜாம் ஆகலாம். பழையதை எடுக்கும்போதே ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பழைய ஃபில்டரோடு குப்பைக்குப் போய்விடாமல் பாருங்கள்.

ஸ்ப்ளெண்டருக்கு நல்ல ஆயில் ஃபில்டர் எது?

மாற்றுகிற காகித ஃபில்டரே அதில் இல்லை. கிளட்ச் பக்க மூடிக்குள் கம்பி வலையும், கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் வடிகட்டியும் இருக்கும். சுழற்சியில் அழுக்கு ஓரத்தில் படியும். மூடியைத் திறந்து இரண்டையும் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மூடச் சொல்லுங்கள். ஆயில் மாற்றும்போது பல கடைகளில் இதைத் தொடுவதே இல்லை.