தர்மபுரியில் உள்ள எங்கள் பெண்கள் சங்கம், சென்னை அமைப்பு ஒன்றின் வழியாக வெளிநாட்டு நிதி வாங்க முடியுமா?

முடியாது. வெளிநாட்டு அறக்கட்டளை கொடுத்த பணத்தில் ஒரு பங்கை உங்கள் தர்மபுரி பெண்கள் சங்கத்துக்கு மாற்றித் தர, அந்தச் சென்னை அமைப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை. அவர்கள் பணம் தராமல் இழுத்தடிப்பதாக நினைக்க வேண்டாம். காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 7ஆம் பிரிவை 2020இல் திருத்தினார்கள். அதற்கு முன், அந்தச் சட்டப்படி பதிவுள்ள அமைப்பு இன்னொரு பதிவுள்ள அமைப்புக்குக் கொடுக்க முடிந்தது. இப்போது இருவரிடமும் பதிவு இருந்தாலும் கூடாது. குடும்ப வன்முறை, நில உரிமை என்று ஊருக்குள் நின்று வேலை செய்யும் சிறு குழுக்களைத்தான் இது அதிகம் முடக்கியது. அநியாயம் என்றே சொல்வேன்.

முதலில் தணிக்கைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். சங்கம் தொடங்கி 3 ஆண்டாகி, கடந்த 3 நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவாகியிருந்தால் சொந்தப் பதிவுக்கே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இந்த ஒரு நிதிக்கு மட்டும் அரசிடம் முன் அனுமதி கேளுங்கள். தொகையும் நோக்கமும் குறிப்பிட்ட உறுதிக் கடிதத்தைக் கொடையாளர் தர வேண்டும்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவிடும் சிஎஸ்ஆர் நிதியையும் விடாதீர்கள். பாலினச் சமத்துவம் கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையிலேயே இருக்கிறது. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் கைவசம் இருக்கட்டும்.

எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வரும்வரை அந்த வெளிநாட்டுப் பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்கிவிடாதீர்கள். வந்த பிறகும் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் திறக்கும் எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் முதலில் வர வேண்டும்.