நகரும் கடிகாரம் மெய்யாகவே மெதுவாகிறதா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் இயற்பியல் கற்பிக்கிறேன். "நகரும் கடிகாரம் மெதுவாகத் தோன்றும்" என்றதும் ஒரு மாணவி, "தோற்றம்தானா, உண்மையிலேயே மெதுவாகிறதா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

பதில்: மாணவியின் ஐயம் நியாயமானது, குழப்பத்தை உண்டாக்குவது "தோன்றும்" என்ற சொல்தான். கண்ணுக்குத் தெரிவது வேறு, அளந்து பெறுவது வேறு. நம்மை நெருங்கி வரும் கடிகாரம், ஒளி வந்துசேரும் தொலைவு குறைந்துகொண்டே வருவதால், கண்ணுக்கு வேகமாகவே ஓடுவதுபோல் தெரியும். ஒளிப்பயண நேரத்தை முழுவதும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் மெதுவாதலைத்தான் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு கால நீட்டிப்பு என்கிறது.

1971-இல் இயற்பியலாளர் ஹேஃபலேயும் வானியலாளர் கீட்டிங்கும் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தார்கள். கிழக்கே சென்றவை, தரையிலிருந்த கடிகாரங்களைவிடச் சராசரியாக 59 நானோவினாடி பின்தங்கியிருந்தன. மேற்கே சென்றவை 273 நானோவினாடி முந்தியிருந்தன. வேகம், உயரம் இரண்டின் விளைவும் இதில் சேர்ந்திருக்கிறது: உயரம் கடிகாரத்தை வேகப்படுத்தும்; பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே செல்லும் விமானம் பூமியின் மையத்தைப் பொறுத்துத் தரையைவிட மெதுவாகவே நகர்கிறது. திரும்பிவந்து தரைக் கடிகாரங்களோடு ஒப்பிடப்பட்ட இந்த வேறுபாட்டைப் பார்வை மயக்கம் என்று தள்ள முடியாது.

கடினமான பகுதி வேறொன்று. சீரான வேகத்தில் ஒன்றையொன்று கடக்கும் இரு விண்கலங்களில், ஒவ்வொருவரும் அடுத்தவர் கடிகாரமே மெதுவானது என்று அளப்பார்கள். இருவரும் சரியே; நகரும் கடிகாரத்தை அளக்க, வெவ்வேறு இடங்களில் ஒரே நேரம் காட்டுமாறு ஒத்திசைத்த இரு கடிகாரங்கள் தேவை, அந்த "ஒரே நேரம்" என்பது குறிப்பாயத்துக்குக் குறிப்பாயம் (அளப்பவர் எதை அசையாததாகக் கொண்டு அளக்கிறாரோ, அதற்கேற்ப) மாறுகிறது. திருச்சி, மதுரைக்கு வடக்கே, சென்னைக்குத் தெற்கே. இரண்டுமே உண்மை, ஆனால் எங்கிருந்து என்று சொல்லாமல் இரண்டுக்கும் பொருளில்லை. நீளக் குறுக்கம் (நகரும் பொருள் நகரும் திசையில் குறுகுவது) மெய்யா தோற்றமா என்ற சர்ச்சைக்கு 1911-இல் ஐன்ஸ்டைன் தந்த விடையும் இவ்வழியிலேயே செல்கிறது: உடன் செல்பவருக்குக் குறுக்கம் இல்லை, உடன் செல்லாதவருக்கோ அது அளந்து நிறுவத்தக்க உண்மை.

எனவே, குறிப்பாயத்தைச் சார்ந்தது பொய் என்று மாணவர்கள் எண்ண விடாதீர்கள். சாராதது எது என்பதையும் காட்டுங்கள். ஜெனீவா செர்ன் ஆய்வகத்தில் 1970-களில், சுமார் 44 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில், ஒளியின் வேகத்தை ஒட்டி மியூயான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, விரைவில் சிதைந்துவிடும் துகள்களை) ஓடவிட்டார்கள். ஓய்வில் அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி, அதற்குள் 15 சுற்றுதான் முடியும். ஆய்வகத்தில் அளந்த ஆயுளோ ஏறத்தாழ 64 மைக்ரோவினாடி, அதாவது 430-க்கும் மேற்பட்ட சுற்றுகள். இந்தக் கணக்கை மாணவர்களையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். மியூயானின் சொந்தக் கணக்கில் கழிந்தது 2.2 மைக்ரோவினாடியே; ஆனால் எத்தனை சுற்று என்பதில் எந்தக் குறிப்பாயத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.