வாயசைக்கும் அப்பா

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை என் எட்டு வயது மகனோடு ‘எல்ஃப்’ படம் பார்த்தேன். வில் ஃபெரல் நடித்து 2003இல் வந்த படம். அவன் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான். எனக்கு ஒட்டவில்லை. நடுநடுவே ஆபீஸ் மெயில்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான். வளர்ந்த ஆள் ஒருவர் குழந்தை மாதிரி குதிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? அப்பாவாக வரும் ஜேம்ஸ் கான் படம் முழுக்க உர்ரென்றே இருக்கிறார். நகைச்சுவைப் படத்துக்கு ஒரு சிரித்த முகம் கிடைக்கவில்லையா? படம் முடிந்ததும் மகன், “கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாவே இருக்காராப்பா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இந்த வயதில் உண்மையைச் சொல்லிவிடலாமா?

க., கோவை

*

அன்புள்ள க.,

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன். இந்த முறை பார்த்துவிட்டு இரண்டு நாளாக ஜேம்ஸ் கானின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாத்தா விஷயத்தை விடுங்கள். பள்ளிக்கூடத்தில் எவனாவது சொல்லிவிடுவான், இரண்டு நாள் முகம் வாடும், அப்புறம் சரியாகிவிடும். வளர்ந்த ஆள் குதிப்பது பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை, அதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிரித்த முகம் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்களே, அதை என்னால் விட முடியாது. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கேட்ட கேள்வி அது.

கதையைத் திரும்பச் சொல்கிறேன், மெயில்களுக்கு நடுவே பாதி போயிருக்கும். அநாதை இல்லத்தில் இருக்கும் ஒரு கைக்குழந்தை, பரிசு கொண்டுவந்த தாத்தாவின் மூட்டைக்குள் தவழ்ந்து போய்விடுகிறது. வடதுருவத்தில் குள்ளத் தேவதைகளுக்கு நடுவே பட்டி என்ற பெயரில் ஆறடிக்கு மேல் வளர்கிறது. தான் அவர்களில் ஒருவன் இல்லை என்பது மற்றவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்துதான் தெரிகிறது, மீதிக் கதையை வளர்ப்புத் தந்தை சொல்கிறார். பெற்ற அப்பா நியூயார்க்கில் இருக்கிறார். வால்டர் ஹாப்ஸ். எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் ஆபீஸ், குழந்தைகள் புத்தகம் போடும் கம்பெனி. இப்படி ஒரு பிள்ளை இருப்பதே அவருக்குத் தெரியாது. தாத்தாவின் கெட்டவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

பட்டி பச்சைக் கோட்டும் மஞ்சள் கால்சட்டையுமாக அந்த ஆபீஸுக்குள் நுழைகிறான். யாரோ கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பாட ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று வால்டர் நினைத்துக்கொள்கிறார். சரி, பாடு என்கிறார். அவனுக்குப் பாட்டு எதுவும் தயாராக இல்லை. வாயில் வந்ததைப் பாடுகிறான். அப்பாவைப் பார்த்ததே இல்லை, இப்போது கண்டுபிடித்துவிட்டேன் என்று ராகமும் தாளமும் இல்லாமல் இழுக்கிறான். பாடி முடித்துப் பேசும்போது சூசன் வெல்ஸ் என்ற பெயர் வருகிறது. அவன் அம்மாவின் பெயர். அந்த இடத்தில் ஜேம்ஸ் கானின் முகத்தைப் பாருங்கள். எரிச்சல் அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு பயம் எட்டிப் பார்க்கிறது. உடனே காவலாளிகளைக் கூப்பிட்டு அவனை வெளியே தள்ளச் சொல்கிறார்.

அந்த இடத்தில் அவர் லேசாகச் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பட்டி வெறும் கோமாளி ஆகியிருப்பான். நாமும் கோமாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அப்பா சிரிக்காததால்தான், நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை அப்பா வீட்டு வாசலில் நிற்கிறது என்பது நமக்கு உறைக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அப்பாவும் மகனும்தான். நாகேஷ் எவ்வளவு செய்தாலும் அந்தக் காட்சி நிற்பது பாலையாவின் முகத்தில். அவர் அந்தக் கதையை உண்மையாகவே நம்பிப் பயப்படுகிறார். தானும் சேர்ந்து சிரித்திருந்தால் அறுபது வருடத்துக்கு அப்புறம் யார் அதைப் பேசப்போகிறார்கள்? சிரிப்பு மூட்டுகிறவரை மட்டும் பார்த்துக் கைதட்டிப் பழகிவிட்டோம். எதிரே சிரிக்காமல் நிற்கிறவர் தாங்கும் பாரம் நம் கண்ணில் படுவதே இல்லை. இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இயக்குநர் ஜான் ஃபேவ்ரோவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. வடதுருவக் காட்சிகளில் பட்டி மட்டும் ராட்சசனாகவும் மற்றவர்கள் பொடியர்களாகவும் தெரிவார்கள் அல்லவா? அதைக் கணினியை நம்பி அவர் எடுக்கவில்லை. சின்னதாக ஒரு செட், பெரிதாக ஒரு செட் கட்டி, ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்திலும் மற்றதைத் தள்ளியும் வைத்து, பார்வைக்கு ஒரே அறையாகப் பொருத்தினார். யாராவது ஒருவர் இடம் மாறினாலும் மாயம் கலைந்துவிடும். நியூயார்க் வந்த பிறகு அதே அளவைத்தான் இரண்டு நடிகர்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். 1972இல் ‘காட்ஃபாதர்’ படத்தில் முன்கோபக்கார மூத்த மகனாக வந்தவர் ஜேம்ஸ் கான். அந்தக் கோபத்தை அப்படியே கொண்டுவந்து வில் ஃபெரலுக்கு எதிரே நிறுத்தினார் ஃபேவ்ரோ. கான் தன் இடத்தை விட்டு அசையவே இல்லை.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. வால்டரின் கம்பெனி போடும் புத்தகம் ஒன்றில் இரண்டு பக்கம் விட்டுப்போகிறது. கதையே நிற்காது. திரும்ப அச்சடிக்கச் செலவாகும் என்று அப்படியே கடைக்கு அனுப்பச் சொல்கிறார். பிள்ளைகள் படம்தான் பார்க்கும், இரண்டு பக்கம் போனதையா கவனிக்கப்போகிறது என்பது அவர் கணக்கு. நீங்கள் மெயில் அனுப்பிக்கொண்டே மகனோடு படம் பார்த்ததும் இதே கணக்குதான். அவன் சிரிப்பில் இருக்கிறான், பக்கத்தில் அப்பா பாதிதான் இருக்கிறார் என்பதையா கவனிக்கப்போகிறான்? கவனித்திருப்பான். ஒவ்வொரு முறை சிரித்தபோதும் நீங்களும் சிரிக்கிறீர்களா என்று திரும்பிப் பார்த்திருப்பான். எட்டு வயதில் யாருமே தனக்காக மட்டும் சிரிப்பதில்லை. வால்டரின் உர்ரென்ற முகம் உங்களுக்குப் பிடிக்காமல் போனதற்கு நடிகர் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மெயில்களில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். என் அப்பாவைப் பற்றிச் சொன்னால் எதற்காக இவ்வளவு பேசுகிறேன் என்பது புரியும்.

அப்பா தையல்காரர். திருநெல்வேலிப் பக்கம், பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் இருக்கும் ஊர். டிசம்பர் பிறந்தால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது, வெட்டும் மேசைக்கு அடியிலும் துணிக்கட்டு கிடக்கும். இருபத்துநாலாம் தேதி இரவு வரை ஊர்ப் பிள்ளைகளின் சட்டைகள். எங்கள் துணி கடைசியில்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் வெட்டுவார். நான் பாயில் படுத்து மிஷின் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிவிடுவேன். நாலு மணி ஆராதனைக்கு அம்மா எழுப்பும்போது காஜா எடுத்து, பட்டன் வைத்து, தேய்த்துச் சட்டை நாற்காலியில் தொங்கும். போட்டுக்கொண்டால் உடம்பில் இஸ்திரிச் சூடு தெரியும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எல்லோரும் சத்தமாகக் கீர்த்தனை பாடுகிறார்கள். அப்பாவின் உதடு அசைகிறது, குரல் இல்லை. இரண்டு சரணம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் அவர் கையை இழுத்து, “அப்பா, நீங்க பாடல. வாய மட்டும் அசைக்கிறீங்க” என்றேன். அவர் குனிந்து என் காதில், “பாட்டு எங்கல வருது, தூக்கம்லா வருது” என்றார். குனிந்தபோது அவர் தோளில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது தெரிந்தது. என் சட்டையின் நிறம். நான் அதைத் தட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். மத்தியானம் சாப்பிடும்வரை அவரோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அப்பா பாடவில்லை என்பதுதான் எனக்கு அன்று தெரிந்த ஒரே விஷயம்.

வால்டர் தன் பதவிக்காக உழைத்தார், என் அப்பா எங்களுக்காக. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அசையும் உதடுதான் தெரியும்.

படத்தின் முடிவில் இதே காட்சி வரும் என்று தெரியாமல்தான் முதல்முறை பார்க்கப் போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முக்கியமான மீட்டிங்கில் இருக்கிறார் வால்டர். சின்ன மகன் மைக்கேல் ஓடிவந்து பட்டி வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்கிறான். வால்டர் வேலையை உதறிவிட்டு எழுந்து போகிறார். சென்ட்ரல் பார்க்கில் தாத்தாவின் வண்டி எஞ்சின் கழன்று கிடக்கிறது. ஜனங்களின் நம்பிக்கை ஏறினால்தான் வண்டி ஏறும். ஒரு பெண் பாட ஆரம்பிக்கிறாள், கூட்டம் சேர்ந்துகொள்கிறது. வண்டி கிளம்பியும் மேலே போகாமல் திணறுகிறது. கூட்டத்தில் எல்லோரும் பாடுவது போலத்தான் தெரிகிறது. மைக்கேல் மட்டும் திரும்பி அப்பாவைப் பார்க்கிறான். நீங்க பாடல, வாயத்தான் அசைக்கிறீங்க என்கிறான்.

முதல்முறை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பட்டி அந்த ஆபீஸில் ராகமில்லாமல் பாடிய பாட்டுக்கு அப்பாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வால்டர் பாடுகிறார். வண்டி தலைக்கு மேலே பறந்து போகிறது. படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்த ஒரு அப்பா அங்கே வாயைத் திறந்திருந்தால் அந்தக் குரலுக்கு ஏதாவது மதிப்பு இருந்திருக்குமா?

இந்த ஞாயிறு மகனோடு மறுபடியும் போடுங்கள். முழுப் படமும் வேண்டாம் என்றால் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் போதும். போனை அடுத்த அறையில் வையுங்கள். கூட்டம் பாட ஆரம்பித்ததும் வால்டரின் வாயைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்