அன்புக்குரியவரை இழந்தபின் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்கினால் மனம் ஆறுமா?

வீட்டில் இருக்க முடியாமல்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மலை மட்டும் துயரத்தை ஆற்றாது. யாரோடு போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போன என் தம்பி உயிரோடு திரும்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றில் முடித்தோம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று எங்கள் ஊர் நம்பும் ஏழு கிணறுகள் அவை. கிரியை முடிந்தால் மனம் அடங்கும் என்றார்கள். ஆனால் எங்கள் ஊரில் கடலை விட்டு எங்கே போவது? அது கண்ணுக்குத் தெரியாத தெருவிலும் இரவில் கேட்கிறது.

ஆண்டுத் திவசம் கழியும் முன் மலையேறலாமா என்று சிலர் கேட்பீர்கள். என் பெரியம்மாவும் கேட்டார். அந்த விலக்கு மலைக்கோயில்களுக்கு உரியது என்பது என் புரிதல். எங்கள் ஊர்க் குன்றின் மேல் உள்ள கோணேசர் கோயிலுக்குக்கூட அந்த ஆண்டு நான் ஏறவில்லை. வைத்தியர் வேண்டாம், மலை போதும் என்றும் நான் சொல்லவில்லை. நித்திரை அறவே போனபோது வைத்தியரிடமும் போனேன்.

ஆடி மாதத்தில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ள ரிவர்ஸ்டனுக்குப் போனோம். கூட வந்தவன், தம்பியோடு அதே படகில் இருந்து கரைசேர்ந்தவன். ஏழு மாதமாக என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நடந்தவன். அவனையும் கூட்டிப் போகச் சொன்னவர் என் மனைவி. நக்கிள்ஸ் காட்டுக்குள் தங்குவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதால், எல்லைக்கு வெளியே ஒருவரின் காணியில் இடம் கேட்டோம். பகலில் பிட்டவலப் பத்தனைப் புல்வெளியில் வெகுநேரம் நடந்தோம். அங்கே பாறையின் மேல் ஒரு விரிப்பைப் போல மெல்லிய மண்தான் கிடக்கிறது. நாங்கள் கூடாரம் அடித்த காணியிலும் முளைகள் இறங்கவில்லை. அவன் ஒன்றும் பேசாமல் பெரிய கற்களைப் புரட்டி வந்து, கயிறுகளை அவற்றில் கட்டினான். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, கடைசியில் பெருவிரலால் ஓர் அழுத்து. தம்பி படகைக் கட்டும் முடிச்சு அது.

இரவில் காற்று எழுந்தது. (பக்கத்துக் கூட்டத்தார் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், மலைக்கு வந்தும் மௌனத்தைத் தாங்க முடியாதவர்கள் எதற்கு வருகிறார்களோ. நல்லவேளை, காற்று அதை விழுங்கிவிட்டது.) தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் அந்த மலைகளில் இறக்கிவிட்டுத்தான் எங்கள் கரைக்கு வறண்ட கச்சான் காற்றாக வந்து சேருகிறது. கடலுக்குத் தப்பி வந்தவன், எங்கள் ஊருக்குப் போகும் காற்றின் வழியிலேயே படுத்திருந்தேன்.

“அண்ணை, கடல் மாதிரியே இரையுது” என்றான். பிறகு அந்த இரவில் படகில் நடந்ததை முதன்முறையாகச் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. இருட்டில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமல் இருந்ததால் அவனால் சொல்லவும் என்னால் கேட்கவும் முடிந்தது. வீட்டு விறாந்தையில், தேநீரோடு வருகிறவர்களின் நடுவில், இருவருக்கும் அது முடிந்திராது.

விடிந்ததும் என் கணுக்காலில் ஊதிக் கிடந்த அட்டையைத் தேசிக்காய்த் துண்டால் தேய்த்து எடுத்தபடி, தம்பிக்கு அட்டை என்றால் எவ்வளவு பயம் என்று சொன்னான். பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியாவில் ஓர் அட்டையைக் கண்டுவிட்டு, அன்று முழுவதும் பேருந்தை விட்டு இறங்க மறுத்தானாம். கடலில் எதற்கும் அஞ்சாதவனைப் பற்றி நான் அறியாத கதை. இருவரும் சிரித்தோம். திரும்பும் வழியில், கந்தளாய் வருவதற்குள், இன்னும் மூன்று கதைகள் சொன்னான்.