காரின் பேச்சைக் கேட்டு நம்மைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் டொயோட்டா ஒன்றை வாங்கியிருக்கிறேன். அக்கம்பக்கத்துக் கார்களோடு தானாகவே பேசும் கருவி அதில் இருக்கிறதாம். இதை வைத்து என் போக்குவரத்தை யாராவது கண்காணிக்க முடியுமா? 8,000 ரூபாய் கொடுத்தால் அதை ‘அடக்கி’விடுவதாக ஒரு தரகர் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: கொடுக்காதீர்கள். ஜப்பானில் 2015 முதல் சில டொயோட்டா கார்களில் வரும் அந்தக் கருவி 760 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதற்கென ஒதுக்கியதோ 5.9 கிகாஹெர்ட்ஸ். ஆகவே, அதே கருவி உள்ள இன்னொரு ஜப்பானிய கார் அருகே வந்தாலொழிய, மொரீஷியஸ் சாலையில் உங்கள் காரின் பேச்சு வேறு எந்தக் காருக்கும் புரியாது.

உங்கள் அச்சம் அடிப்படையற்றது என்று சொல்ல மாட்டேன். இத்தகைய வண்டிகள் நொடிக்குப் 10 முறை வரை தம் இடம், வேகம், திசை ஆகியவற்றை அறிவிக்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய முறைகளில், பொய்ச் செய்தியைத் தள்ளிவிடுவதற்காக ஒவ்வொரு செய்தியிலும் மின்கையொப்பம் இருக்கும். அந்தக் கையொப்பம் மாறாமலே இருந்தால் அதுவே காற்றில் பறக்கும் நம்பர் பிளேட் ஆகிவிடும். எனவே அமெரிக்க ஏற்பாட்டில் வண்டிக்கு வாரத்துக்குச் சுமார் 20 புனைபெயர்ச் சான்றுகள் (உண்மை அடையாளத்தைக் காட்டாமல் கையொப்பமிட உதவும் தற்காலிகச் சான்றுகள்) வழங்கப்பட்டு, ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றன. ஆனால் கூட்டம் இருந்தால்தான் இந்த மாற்றத்துக்குப் பலன். தைப்பூசத்தன்று காத்ர் போர்னில் ஊர்ந்து செல்லும் வண்டிகளுக்கு நடுவே பெயர் மாற்றிக்கொண்ட காரைத் தேடிப் பிடிப்பது கடினம். விடியற்காலையில் ஆளில்லாத கரும்புத் தோட்டச் சாலையில் தனியே போகும் கார் எத்தனை பெயர் மாற்றினாலும் அது அதே கார்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. பலரும் அதை உளவு வேலை என்று தவறாக எண்ணுவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். திடீர் பிரேக் போன்ற அபாய அறிவிப்பு நடப்பில் இருக்கும்வரை புனைபெயர் மாறாது. அந்தக் கணத்தில் மாறினால், பின்னால் வரும் வண்டியின் கணக்கில் ஒரு கார் மறைந்து அதே இடத்தில் வேறொரு கார் முளைத்ததாகத் தோன்றும். மோதலைத் தவிர்க்கும் கணிப்பே குழம்பிவிடும். அபாயம் நீங்கியதும் பெயர் மாற்றம் வழக்கம்போல் தொடரும். உங்களை அடையாளம் காட்டுவதற்காக யாரும் அதை நிறுத்தி வைக்கவில்லை.

உங்களை உண்மையில் காட்டிக்கொடுக்கக்கூடியவை வேறு. என்னிடம் வந்த ஒரு காரின் நேவிகேஷனில் ஜப்பானிய மொழியில் ‘வீடு’ என்றிருந்த பொத்தானை அழுத்தினேன்; முந்தைய உரிமையாளரின் முகவரி தெருப் பெயரோடு வந்து நின்றது. கப்பலேறிக் கடல் கடந்து இரண்டு கை மாறியும் அதை அழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டியைப் பதியும்போது சேசிஸ் எண்ணைச் சரிபார்க்கிறார்கள். அந்த வண்டி யாரோடு பேசுகிறது, யாருடைய தகவலைச் சுமந்து வருகிறது என்று கேட்பதற்கு ஒரு நாற்காலிகூட இல்லை. நீங்கள் விற்கும்போது உங்கள் வீட்டு முகவரியும் இப்படித்தான் போகும். எனவே திரையின் அமைப்புப் பகுதியில் எல்லாத் தகவலையும் அழித்து, இணைத்த கைப்பேசிகளையும் நீக்கிவிடுங்கள்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ‘அடக்க’ வருபவர்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (காரின் கோளாறுகளைக் கண்டறியக் கருவி செருகும் இடம்) ஒரு சிறு பெட்டியைச் செருகி, அதை உங்கள் கைப்பேசியோடு இணைக்கச் சொல்வது வழக்கம். அந்தப் பெட்டியில் சிம் இருந்தால், அதுவரை இல்லாத கண்காணிப்பு அன்றுதான் தொடங்கும், அதுவும் உங்கள் காசிலேயே. டயர் அழுத்த உணரி ரேடியோ அலையில் அனுப்பும் அடையாள எண்கூட மாறுவதில்லை. 40 மீட்டர் தூரத்திலிருந்து அதைப் படிக்க முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டினார்கள். அதை இவர்களில் ஒருவரும் பேசுவதில்லை.

கடன் கொடுத்த நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ ஜிபிஎஸ் பெட்டி பொருத்தியிருந்தால், நீங்களாகக் கழற்றாதீர்கள், ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். என்ன தகவல் சேர்க்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று 2017ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் எபேனிலுள்ள தகவல் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அனுப்பிய கடிதத்தின் நகலைக் கையோடு வைத்திருங்கள்.